திருவாரூர் விதானத்தில் முசுகுந்தனின் ஊர்வலம்

திருவாரூர்த் தியாகராஜ சுவாமி கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதான (உட்கூரை) ஓவியங்களைப் பார்க்கச் செல்பவர்கள் முதலில் ஒரு குரங்கு முகத்தைத் தேட வேண்டும் என்பது என் அனுபவம். கயிலையில் சிவபெருமான்மீது வில்வ இலைகளை உதிர்த்த குரங்கு, இறையருளால் முசுகுந்தச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததென்றும், தான் வேண்டியபடியே குரங்கு முகத்தோடு இருந்ததென்றும் புராணம் கூறுகிறது. அந்த முகம் தெரியும் இடத்தில்தான் கதை நடக்கிறது. அவன் மீண்டும் மீண்டும் வரையப்பட்டிருக்கிறான் என்பதை மனத்தில் கொள்ளாவிட்டால், கூட்டத்துக்கு நடுவே கதை நழுவிவிடும். அண்ணாந்தபடி, கதை வரையப்பட்ட நீண்ட பட்டையின் போக்கிலேயே நடக்க வேண்டியிருப்பதால் கழுத்து வலிப்பது வேறு விஷயம்.

அசுரரை வெல்லத் தான் உதவியதற்குக் கைம்மாறாகத் தியாகராஜரின் திருவுருவத்தைத் தரும்படி முசுகுந்தன் இந்திரனிடம் கேட்க, அவன் ஒரே தோற்றமுள்ள ஏழு திருவுருவங்களைக் காட்டுகிறான். உண்மையானதை இனங்கண்ட அரசனுக்கு ஏழுமே கிடைக்கின்றன. பின் தொடங்குகிறது ஊர்வலம். நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். ஆடல் மகளிர், ஊதுகருவியும் முழவும் இசைப்போர் ஆகியோரிடையே, தீப்பொறி சிதறும் வாணங்களைக் கொளுத்துகிறவர்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருப்பது பெரும் உதவி.

உடன் வந்த நண்பர், "இது சோழர் காலத்து விழாவின் நேர்ப்பதிவு" என்றார். சோழர் காலத்துக்குப் பின்னரே இங்கு பரவிய வெடிமருந்து வாணத்தைக் கண்ட பிறகு என்னால் அதை ஏற்க இயலவில்லை. இவை 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. புராண அரசனின் பவனியை வரைய நேர்ந்த அவர், தம் கண்முன்னே திருவாரூர் வீதிகளில் நடந்த திருவிழாவின் சாயலையே அதற்குக் கொடுத்திருக்கிறார் என்று நான் கொள்கிறேன். இதைக் குறையாக எண்ணுவதற்கில்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முந்தைய விழாவின் உடையையும் வாத்தியத்தையும் வேடிக்கையையும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் சான்று எளிதில் கிடைப்பதன்று.

நண்பருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. சோழர் காலத்து வழிபாடுதான் வேண்டுமென்றால், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அவனது அன்புக்குரிய அணுக்கியான பரவை நங்கை இக்கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுச் செய்திகளைப் படிக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.