செஃப் ஐஸ்கஸி கேட்வே: 3.10 கெர்னல் போதுமா, 4.16 கட்டாயமா?

கேட்டவர்: வட்டுவலை

வணக்கம். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செஃப் கிளஸ்டர் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைப்பது) இருக்கிறது. அதிலுள்ள ஆர்பிடி இமேஜ்களை, அதாவது செஃப்பில் சேமித்த மெய்நிகர் டிஸ்க்குகளை, நெட்வொர்க் வழியாக டிஸ்க்காகக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளப் போகிறவை மூன்று வகை: லினக்ஸ் சர்வர்கள், சில விண்டோஸ் சர்வர்கள், அப்புறம் சில இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் மெய்நிகராக்க இயங்குதளம்) ஹோஸ்ட்கள். எல்லாவற்றுக்கும் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் நெறிமுறை) பொதுவாக இருக்கும் என்று நினைத்து, செஃப்புக்கும் அவற்றுக்கும் நடுவில் நிற்கும் கேட்வேயின் ஆவணத்தைப் படித்தால், தேவைகள் பகுதியில் ரெட் ஹேட் அல்லது சென்ட்ஓஎஸ் 7.5க்கு மேல் என்று ஒரு வரி, லினக்ஸ் கெர்னல் 4.16க்கு மேல் என்று இன்னொரு வரி. 7.5இல் வருவது 3.10 கெர்னல்தானே, இரண்டும் எப்படிச் சேர்ந்து சரியாகும்? கேட்வேயை உபுண்டுவில் வைக்கலாமா? இந்தத் தேவை கிளஸ்டரில் உள்ள எல்லா நோடுகளுக்கும் பொருந்துமா, இல்லை கேட்வேக்கு மட்டுமா? டிஸ்க்கை வாங்கும் இயந்திரங்களிலும் கெர்னலை ஏற்ற வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கிளஸ்டரில் கை வைக்கும் முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில்: கெர்னல்வாசி

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதோடு போய்விடும். இங்கே மூன்று இடங்கள் இருக்கின்றன: ஓஎஸ்டி (தரவைச் சேமிக்கும் சேவை), மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் சேவை) ஓடும் கிளஸ்டர் நோடுகள், நடுவில் கேட்வே, கடைசியில் டிஸ்க்கை வாங்கும் இயந்திரம். நீங்கள் படித்த கெர்னல் தேவை நடுவில் இருப்பதற்கு மட்டும். கிளஸ்டர் பக்கம் செஃப் லூமினஸ், அதாவது 12.2 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் போதும். ஓஎஸ்டி நோடுகளின் கெர்னலைத் தொடவே வேண்டாம்.

கேட்வேக்கு ஏன் கெர்னல் முக்கியம் என்றால், ஐஸ்கஸி பேசுவது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் எல்ஐஓ டார்கெட். அது வரும் கட்டளைகளை டிசிஎம்யூ என்ற பாலம் வழியாக வெளியே, யூசர்ஸ்பேஸில் (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) ஓடும் டிசிஎம்யூ-ரன்னரிடம் தள்ளுகிறது, அது லிப்ஆர்பிடி என்ற நூலகம் மூலம் கிளஸ்டரோடு பேசுகிறது. இரண்டு கேட்வேக்கள் ஒரே இமேஜைக் காட்டும்போது எந்தப் பாதை உயிரோடு இருக்கிறது, எது காத்திருக்கிறது என்று சரியாகச் சொல்லத் தேவையான திருத்தங்கள் மூலக் கெர்னலில் (விநியோகங்கள் மாற்றாத அசல் லினக்ஸ் கெர்னல்) 4.16 வாக்கில்தான் முழுமையாக வந்து சேர்ந்தன. ரெட் ஹேட் தன் 7.5 கெர்னலுக்குள் அதே திருத்தங்களைப் பின்கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதனால் எண் 3.10 என்று காட்டினாலும் உள்ளே தேவையானது இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு வரிகளையும் 'இது அல்லது அது' என்றுதான் படிக்க வேண்டும்: ரெட் ஹேட் குடும்பம் என்றால் பதிப்பைப் பாருங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கெர்னல் எண்ணைப் பாருங்கள். உபுண்டு 20.04இல் 5.4 கெர்னல் வருகிறது, எனவே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. செஃப்ஏடிஎம் (செஃப்பை நிறுவி நிர்வகிக்கும் கருவி) மூலம் ஐஸ்கஸி சேவையை நிறுவினால் எல்லாம் கன்டெய்னரில் ஓடும், அதனால் ஹோஸ்ட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது. எல்ஐஓ மாட்யூல்கள் ஹோஸ்ட்டின் கெர்னலிலிருந்துதான் வர வேண்டும், எல்ஐஓவை அமைக்க உதவும் கான்ஃபிக்எஃப்எஸ் ஹோஸ்ட்டில் மவுன்ட் ஆகியிருக்க வேண்டும். கன்டெய்னருக்குள் எவ்வளவு புதிய செஃப் இருந்தாலும் கீழே பழைய கெர்னல் என்றால் அது பழைய கெர்னல்தான்.

வாங்கும் இயந்திரங்களுக்கு இந்த 4.16 கணக்கு கிடையவே கிடையாது. லினக்ஸில் ஐஸ்கஸி இனிஷியேட்டர் (டிஸ்க்கைக் கேட்டு இணைக்கும் மென்பொருள்) பேக்கேஜும் மல்ட்டிபாத்தும் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதைகளைக் கையாளும் வசதி), விண்டோஸில் கூடவே வரும் இனிஷியேட்டரோடு அதே வேலையைச் செய்யும் எம்பிஐஓ வசதி, இஎஸ்எக்ஸ்ஐ என்றால் 6.5க்கு மேல், விஎம்வேரின் ஃபைல்சிஸ்டமான விஎம்எஃப்எஸ் 6 டேட்டாஸ்டோர். 3260 போர்ட் திறந்திருக்க வேண்டும், கேட்வேக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 5000. கேட்வேயில் ரேம் தாராளமாக வையுங்கள், மேப் செய்யும் (டிஸ்க்காக இணைக்கும்) இமேஜ்கள் கூடக்கூட அதன் நினைவகத் தேவையும் ஏறிக்கொண்டே போகும். மல்ட்டிபாத்தை ஃபெயில்ஓவர் முறையில்தான் (ஒரு பாதை அறுந்தால் மட்டும் அடுத்ததற்கு மாறுவது) அமைக்க வேண்டும், இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறையில் அல்ல. இது வேகத்துக்கான அறிவுரை இல்லை, தரவு கெடாமல் இருப்பதற்கானது, தயவுசெய்து இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில்: பாதைமாற்றி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேட்டவர் விண்டோஸ் என்று சொல்லியிருப்பதால் ஒரு எச்சரிக்கை: அந்த விண்டோஸ் சர்வர்கள் தனித்தனியா, இல்லை ஃபெயில்ஓவர் கிளஸ்டராகப் பகிர்ந்த டிஸ்க் கேட்கிறவையா? ஒரே இமேஜை ஒன்றுக்கு மேற்பட்ட கேட்வே வழியாகக் கொடுக்கும்போது ஸ்கஸி பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் (பகிர்ந்த டிஸ்க்கை ஒரு நோடு தனக்கென்று பதிவு செய்துவைக்கும் வசதி) செஃப் ஐஸ்கஸியில் ஆதரிக்கப்படவில்லை. விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் அதை நம்பித்தான் எந்த நோடு டிஸ்க்கை வைத்திருக்கிறது என்று முடிவு செய்கிறது. இயங்குதளப் பதிப்பு எல்லாம் பொருந்தி வந்தும் இந்த ஒரு காரணத்தால் திட்டம் நின்றுபோகும். ஆளுக்கொரு டிஸ்க் என்றால் பிரச்சினை இல்லை.

விண்டோஸுக்கு இன்னொரு வழியும் உண்டு. செஃப் பசிஃபிக், அதாவது 16ஆம் பதிப்பிலிருந்து, டபிள்யூஎன்பிடி என்ற டிரைவர் மூலம் ஆர்பிடி இமேஜை நேரடியாக விண்டோஸில் மேப் செய்யலாம், நடுவில் கேட்வே தேவையில்லை. விண்டோஸ் சர்வர் 2016, 2019 இரண்டிலும் ஆதரவு உண்டு. நீங்கள் கேட்வே கட்டுவதே விண்டோஸுக்காக என்றால் முதலில் இதை முயன்று பாருங்கள்.

பதில்: நேர்வழி

லினக்ஸ் சர்வர்களுக்கு ஏன் ஐஸ்கஸி? அங்கே கெர்னலிலேயே ஆர்பிடி இருக்கிறது, 2.6.37 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் இங்கே கெர்னல் தேவை கேட்வேயிலிருந்து இடம் மாறி ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் வந்துவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக உருவாக்கும் இமேஜில் இயல்பாகவே சில அம்சங்கள் இயங்கும் நிலையில் இருக்கும்: எக்ஸ்க்ளூசிவ்-லாக் கெர்னல் 4.9இல்தான் வந்தது, டீப்-ஃப்ளாட்டன் 5.1இல், ஆப்ஜெக்ட்-மேப்பும் ஃபாஸ்ட்-டிஃப்பும் 5.3இல். பழைய கெர்னலில் மேப் செய்தால் அம்சங்கள் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்த இமேஜில் அந்த அம்சங்களை மட்டும் அணைத்தால் வேலை செய்யும். ஜர்னலிங் அம்சத்தை மட்டும் எந்தக் கெர்னல் கிளையன்ட்டும் ஏற்பதில்லை, அது வேண்டுமென்றால் ஆர்பிடி-என்பிடி பயன்படுத்துங்கள், அது யூசர்ஸ்பேஸ் லிப்ஆர்பிடியில் ஓடுவதால் கெர்னல் வயது அவ்வளவாகப் பிரச்சினை இல்லை.

இமேஜ் அம்சங்கள் தவிர கிளஸ்டர் அமைப்பும் குறுக்கே வரலாம். கிரஷ் டியூனபிள்கள் (தரவு எந்த ஓஎஸ்டிக்குப் போகும் என்று முடிவு செய்யும் அமைப்புகள்) ஜூவெல் என்ற செஃப் பதிப்பின் நிலையில் இருந்தால் கிளையன்ட்டில் 4.5 கெர்னல் வேண்டும். செஃப்பின் தகவல் பரிமாற்ற நெறிமுறையான மெசஞ்சரின் இரண்டாம் பதிப்பு 5.11இல்தான் கெர்னலுக்குள் வந்தது, அதுவும் மேப் செய்யும்போது நாம் கேட்டால்தான் அதைப் பயன்படுத்தும். ஆகவே மானிட்டரில் முதல் பதிப்புக்கான பழைய 6789 போர்ட்டை மூடிவிட்டு இரண்டாம் பதிப்புக்கான 3300ஐ மட்டும் வைத்திருந்தால் பழைய கிளையன்ட்கள் எட்டவே முடியாது. இந்த எண்கள் எல்லாம் மூலக் கெர்னலுக்கு. ரெட் ஹேட் போன்றவை இங்கேயும் பின்கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் அவற்றில் மேப் செய்து பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

அப்புறம், ஓஎஸ்டி ஓடும் அதே நோடில் கெர்னல் மேப் செய்யாதீர்கள். நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போது கெர்னல் அழுக்குப் பக்கங்களை (நினைவகத்தில் மாறியும் டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத தரவு) எழுத ஓஎஸ்டியை எதிர்பார்க்கும், ஓஎஸ்டி நினைவகத்துக்காகக் கெர்னலை எதிர்பார்க்கும், இரண்டும் அப்படியே நின்றுவிடலாம்.

வட்டுவலை:

மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லினக்ஸுக்கு நேரடி ஆர்பிடி, விண்டோஸ் எல்லாம் தனித்தனி சர்வர்கள்தான், அதனால் டபிள்யூஎன்பிடியைச் சோதித்துப் பார்க்கிறேன். மீதி இருப்பது இஎஸ்எக்ஸ்ஐ மட்டும். அதற்காகப் புதிதாக ஐஸ்கஸி கேட்வே கட்டலாமா?

பதில்: கெர்னல்வாசி

என் கருத்து, வேண்டாம். செஃப் ஐஸ்கஸி கேட்வே 2022 நவம்பரிலிருந்து பராமரிப்பு நிலையில் இருக்கிறது, புதிய வசதிகள் எதுவும் அதில் சேராது. நீங்கள் படித்த 7.5 வரியும் இப்போது பழங்கதை: சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது, சென்ட்ஓஎஸ் 8க்கு 2021 கடைசியிலேயே முடிந்துவிட்டது. தேவைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்றை எல்லா டிஸ்க்குகளுக்கும் வாசலாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே ஓடுகிற ஐஸ்கஸி கேட்வே இருந்தால் வேறு, அதை அவசரமாகப் பிடுங்க வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டுவதென்றால் செஃப்பின் என்விஎம்இ-ஓஎஃப் (நெட்வொர்க் வழியாக என்விஎம்இ டிஸ்க்காகக் கொடுக்கும் நெறிமுறை) கேட்வேயைப் பாருங்கள், 2024இல் வந்த ஸ்க்விட் பதிப்பிலிருந்து. இது எஸ்பிடிகே என்ற சேமிப்பக நிரல்தொகுப்பின் மேல் யூசர்ஸ்பேஸிலேயே ஓடுகிறது, எல்ஐஓவும் டிசிஎம்யூவும் இதில் இல்லை. எனவே கேட்வே பக்கம் அந்தப் பழைய கெர்னல் நிபந்தனையே எழாது, பதிலாக ஹியூஜ்பேஜ் (பெரிய அளவு நினைவகப் பக்கங்கள்) ஒதுக்க ரேம் வேண்டும். நிபந்தனை வாங்குகிறவர் பக்கம் போகிறது: என்விஎம்இ டிசிபி இஎஸ்எக்ஸ்ஐக்கு 7.0 அப்டேட் 3இல்தான் வந்தது, லினக்ஸில் கெர்னல் 5.0இல். போர்ட் 4420, கண்டறிதலுக்கு 8009. உங்கள் ஹோஸ்ட்கள் 6.5, 6.7இல் நின்றுகொண்டிருந்தால் முதலில் அவற்றை ஏற்ற வேண்டும்.

பதில்: பாதைமாற்றி

பின்னாளில் லினக்ஸ் கிளையன்ட்களையும் என்விஎம்இக்கு மாற்ற நினைத்தால் ஒன்று: ரெட் ஹேட் 8இல் என்விஎம்இயின் சொந்த மல்ட்டிபாத் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், 9இல் இயல்பாக இயங்கும். 8இல் கெர்னல் அளவுருவாகக் கொடுத்து ரீபூட் செய்த பிறகு இரண்டு கேட்வே பாதைகளும் ஒரே டிஸ்க்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள், அதற்குப் பிறகு ஃபைல்சிஸ்டம் போடுங்கள்.