முதல் சர்வதேசப் போட்டி, கோச் கூட வரவில்லை. ஓப்பனர் (முதல் முயற்சி எடை) எவ்வளவு வைக்கலாம்?

தேனிப்பெண்57:
வணக்கம். பவர்லிஃப்டிங் தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. ஜூனியர், 57 கிலோ பிரிவு. அடுத்த மாதம் ஆசியப் போட்டிக்குப் போகிறேன். விமானத்தில் ஏறுவதே முதல் தடவை. என் செலவுக்கே அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. கோச்சுக்கும் சேர்த்துப் பணம் புரட்ட முடியவில்லை. அவர் இல்லாமல் இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை. பயிற்சியில் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 125, படுத்துத் தூக்கும் பெஞ்ச் 62.5, தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் 145 கிலோ. ஸ்குவாட்டில் ஓப்பனர் 120 வைக்கலாமா? இப்போது எடை 58.3. கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தால் இறங்கிவிடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். போய் வந்த அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

வெள்ளைவிளக்கு:
தங்கச்சி, 120 வேண்டாம். 110 போதும். ஏன் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022 ஆகஸ்ட் கடைசியில் இஸ்தான்புல்லில் ஜூனியர் உலகப் போட்டி. எனக்கும் அதுதான் முதல் வெளிநாடு. வார்ம்-அப் அறையில் என்னோடு ஒரே ரேக்கில் நின்ற பெண்ணுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவள் மொழி வராது. தட்டுகளின் நிறத்தை வைத்தே பேசிக்கொண்டோம். சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. அவள் மஞ்சளைத் தொட்டுக் காட்டினால் நான் எடுத்து மாட்டுவேன். அந்த அரைமணி நேரம் ரொம்ப நன்றாக இருந்தது. பயம் மேடையில்தான் வந்தது.

நம் ஜிம்மில் எதிரே கண்ணாடி இருக்கும். அங்கே எதிரே நடுவர் ஒருவர், அவருக்குப் பின்னால் இருட்டு. பாரைத் தோளில் எடுத்துப் பின்வாங்கி நின்றேன். ஊரில் கோச் "ம், போ" என்பார், உடனே இறங்குவேன். அன்றும் நின்ற வேகத்தில் இறங்கிவிட்டேன். நடுவர் கையை இறக்கி "ஸ்குவாட்" என்று சொல்லவே இல்லை. எடை என்னவோ சுலபமாகத்தான் எழுந்தது, ஆனால் மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு, அதாவது செல்லாது. இரண்டாவது தடவை கட்டளைக்குக் காத்திருந்தேன். கவனம் முழுக்க அதிலேயே இருந்ததால் ஆழம் போதவில்லை. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே போக வேண்டும், எனக்குப் போகவில்லை. இரண்டு சிவப்பு.

ஸ்குவாட்டில் மூன்று முயற்சியும் தவறினால், மூன்று லிஃப்டையும் கூட்டும் மொத்தக் கணக்கே கிடையாது. திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நம் அணியோடு வந்திருந்த வேறு மாநிலத்துக் கோச் ஒருவர், என்னைக் கேட்காமலே ஓடிப்போய் அதே எடையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நின்றதும் மனதுக்குள் மூன்று எண்ணு, அவர் கையைப் பார், அப்புறம் உட்கார்" என்று இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்திக்கு அது புரிந்தது. மூன்றாவது முயற்சிக்கு இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. செல்லும். அந்த மனிதர் இல்லையென்றால் நான் வெறும் கையோடு திரும்பியிருப்பேன்.

அவர் ஏன் ஓடினார் தெரியுமா? ஒரு முயற்சி முடிந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், தூக்கியிருந்தால் 2.5 கிலோ தானாகக் கூடும். தவறியிருந்தால் அதே எடை நிற்கும். உன் கோச் வராததால் சொல்கிறேன், போய் இறங்கிய அன்றே அணிக் கோச்சைத் தேடிப் பிடித்துப் பேசிவிடு. உன் எடைகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. நன்றாகத் தூக்கினால் அடுத்தது எவ்வளவு, சிரமப்பட்டால் எவ்வளவு என்று இரண்டு எண்ணாக எழுது. ஓப்பனரை மட்டும் சுற்று தொடங்க மூன்று நிமிடம் முன்பு வரை ஒரு தடவை மாற்றலாம்.

தண்ணீரைக் குறைக்காதே. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் எடை பார்க்கத் தொடங்குவார்கள். வற்றிய உடம்பு அதற்குள் தேறாது. 1.3 கிலோதானே, ஒரு மாதம் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தாலே இறங்கும். எடை பார்த்ததும் சாப்பிட பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இங்கிருந்தே கொண்டுபோ.

கோவைபெல்ட்:
சகோதரி, சிங்லெட் (உடலோடு ஒட்டிய போட்டி உடை), பெல்ட், ஷூ மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்து சேராவிட்டால் கடன் வாங்கித்தான் ஏற வேண்டும். பெல்ட்டும் சிங்லெட்டும் ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) பட்டியலில் உள்ள தயாரிப்பா என்று இப்போதே பாருங்கள். டெட்லிஃப்டுக்கு நீள சாக்ஸ் கட்டாயம். பெஞ்சில் 2023 முதல் முழங்கை விதி இருக்கிறது. முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும். முதுகை நிறைய வளைத்து, அகலமாகப் பிடிப்பவர் என்றால் பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

மருந்துக்கடை:
ஒன்று மட்டும். பயணத்தில் சளி பிடித்தால் யார் மாத்திரை நீட்டினாலும் வாங்காதீர்கள். சில சளி மருந்துகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். போட்டிச் சமயத்தில் அது சிறுநீரில் ஓர் அளவைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் விடமாட்டார்கள். அணி மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தேனிப்பெண்57:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். கோச்சும் 110 என்றே சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் அம்மாவை ஜிம்முக்கு அழைத்துப்போய் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கண்ணாடியைத் துணியால் மூடினோம். அம்மா "ஸ்குவாட்" என்று சரியாகச் சொன்னார். நான் எழுந்து நின்ற பிறகு, பாரைத் திரும்ப வைக்கச் சொல்லும் "ரேக்" கட்டளையைச் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 100 கிலோவோடு அப்படியே நின்றேன். நாளைக்கும் வருகிறேன் என்கிறார்.