பேட் செக்டர் வந்த டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

மின்மினி:
வணக்கம். டெபியன் லினக்ஸ், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். ஒரு ஃபோல்டரைத் திறந்தாலே மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. டிமெசேஜில் (கர்னல் பதிவு) ஐ/ஓ எரர், எஸ்டிபி (அந்த டிஸ்க்கின் பெயர்), செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) 613482616 என்று அதே எண் திரும்பத் திரும்ப வருகிறது. டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் பார்த்தேன்: 5ஆம் எண் வரி 0, 197ஆம் எண் 16, 199ஆம் எண் 0. அக்கா கல்யாண ஃபோட்டோ எல்லாம் இதில்தான், வேறு காப்பி கிடையாது. ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

கருப்புத்திரை:
எக்ஸ்ட்4க்கான எஃப்எஸ்சிகே, இ2எஃப்எஸ்சிகே -சி ஓட்டுங்க. பழுது தேடும் பேட்பிளாக்ஸைக் கூப்பிட்டு, கெட்ட பிளாக்கை எல்லாம் ஒதுக்கி வைத்துவிடும். வேலை முடிந்தது.

பழைய முனையம்:
தம்பி, ஓட்டாதீங்க! காப்பி இல்லாத டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே எழுத ஆரம்பித்தால், இப்போது படிக்கக் கிடைப்பதும் போய்விடலாம். கெட்ட இடத்தை ஃபைல்சிஸ்டம் ஒதுக்கி வைப்பதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம். அப்போது பழுதான இடங்களின் பட்டியலை டிஸ்க்கின் மேலேயே அச்சடித்து ஒட்டியிருப்பார்கள், பிஎஸ்டி யூனிக்ஸில் அதற்கென்றே பேட்144 என்ற கருவி இருந்தது. இப்போது டிஸ்க்கே உபரி செக்டர் வைத்திருக்கிறது. 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. அதன்மேல் எழுதும்போதுதான், அதே இடம் தேறுமா, உபரிக்கு மாற்றணுமா என்று டிஸ்க் முடிவு செய்யும். மாற்றினால் 5 ஏறும். 199 சுழி என்பதால் கேபிள்மேல் சந்தேகம் வேண்டாம்.

முதலில் அன்மவுண்ட். அப்புறம் வேறு டிஸ்க்கில் இடம் பார்த்து:

டிடிரெஸ்க்யூ -டி -என் /டெவ்/எஸ்டிபி1 படம்.ஐஎம்ஜி படம்.மேப்

படம்.ஐஎம்ஜி என்பது பார்ட்டிஷனின் அச்சு நகல், படம்.மேப் என்பது எது படித்தாயிற்று, எது முடியவில்லை என்ற குறிப்பு. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். முடிந்ததும் -என் என்பதை எடுத்துவிட்டு -ஆர்3 போட்டு அதே மேப் ஃபைலோடு ஓட்டுங்க. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஃப்எஸ்சிகே ஓட்டணும் என்றால் படத்துக்கு இன்னொரு காப்பி எடுத்து, அதில் ஓட்டுங்க.

மின்மினி:
ராத்திரி முழுக்க ஓடியது அண்ணே. மேப் ஃபைலில் கழித்தல் குறியோடு இரண்டு வரி மட்டும், இரண்டும் 0எக்ஸ்1000 அளவு. எந்த ஃபைல் போனது என்று எப்படிப் பார்ப்பது?

பழைய முனையம்:
அப்போ இரண்டு 4096 பைட் துண்டுதான். 16 நிலுவை, ஒவ்வொன்றும் 512 பைட், கணக்கு சரியாக வருகிறது. ஃபைல்சிஸ்டம் பிளாக்கும் 4096 என்றால், மேப்பில் உள்ள இடத்தின் கடைசி மூன்று சுழியை வெட்டுங்க. மிச்சம்தான் பிளாக் எண், ஆனால் பதினாறடிமானத்தில். டிமெசேஜ் எண்ணிலிருந்தும் சரிபார்க்கலாம். பார்ட்டிஷன் 2048இல் தொடங்கினால் (613482616 − 2048) ÷ 8 = 76685071. படம்.ஐஎம்ஜியை டீபக்எஃப்எஸ் என்ற கருவியில் திறந்து ஐசெக் 76685071 கொடுத்தால் ஐநோடு எண் (ஃபைலின் உள் எண்) வரும். அதை என்செக்குக்குக் கொடுத்தால் ஃபைல் பெயர்.

மின்மினி:
மேப்பிலும் அதே எண் வந்தது. ஒன்று ஒரு வீடியோ, இன்னொன்றுக்கு ஐசெக் எந்த ஐநோடும் காட்டவில்லை.

பழைய முனையம்:
அது பெரும்பாலும் காலி இடமாக இருக்கும், விடுங்க. வீடியோவும் அந்த இடத்தில் கொஞ்சம் சிதறிவிட்டு ஓடிவிடும். படத்தை மவுண்ட் செய்து எல்லாவற்றையும் வேறு இடத்தில் வைத்த பிறகு, பழைய டிஸ்க் முழுக்க டிடி கட்டளையால் சுழி எழுதிப் பாருங்க.

மின்மினி:
எழுதினேன். 197 சுழியாகிவிட்டது, ஆனால் 5 ஏறியிருக்கிறது.

கருப்புத்திரை:
அப்போ இனி சினிமா டவுன்லோடுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க.

பழைய முனையம்:
அதுவும் 5 மேலே ஏறாத வரைக்கும்தான்.