வாசகர் வட்டத்தில் காமிக்ஸ் பேசலாமா?

பாளை வாசகன்:
அடுத்த மாதக் கூட்டத்தில் ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' நூலைப் பேசலாம் என்று கேட்டிருந்தேன். "காமிக்ஸுக்கெல்லாம் கூட்டம் போட முடியாது" என்று ஒதுக்கிவிட்டார்கள். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய நாள் முதல் நம் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படக்கதை படித்தே வாசிப்புக்குள் வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அது வளர்ந்ததும் கைவிட வேண்டிய பண்டம் என்று நாமே நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. போலந்து யூதரான தன் தகப்பனார் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிழைத்து வந்ததை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்ன நூல் அது. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருதும் பெற்றது.

ரதவீதி:
தம்பி, ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவியை நானும் ஆசையாகப் படித்தவன்தான். ஆனால் 'மழை பெய்தது' என்று ஒருவர் எழுதினால், படிக்கிற ஒவ்வொருவர் மனத்திலும் அவரவர் ஊர் மழை பெய்கிறது. படக்கதையிலோ ஓவியரின் மழை மட்டுமே உண்டு. இன்னொன்றும் கேட்கிறேன். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது காவலர்கள் தடியடி நடத்தியதில், கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்களே, அதைக் கட்டம் கட்டி, வாயருகே பேச்சு எழுதும் பலூன் வரைந்து சொல்ல முடியுமா? சொன்னால் இறந்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா?

பாளை வாசகன்:
முடியும் அண்ணாச்சி. 'மௌஸ்' நூலில், யூதர்கள் தங்களைப் போலந்துக்காரர்களாகக் காட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது பன்றி முகமூடி அணிந்திருப்பார்கள், ஏனெனில் போலந்துக்காரர்கள் அதில் பன்றிகளாக வரையப்பட்டவர்கள். ஸ்பீகல்மேனின் தகப்பனார் முகமூடியோடு ஒருவாறு ஒளிந்துகொள்கிறார். பார்த்தவுடன் யூதப்பெண் என்று தெரிந்துவிடும் சாயலுள்ள அவர் மனைவிக்கோ, கோட்டுக்குக் கீழே எலியின் வால் நீண்டு தொங்குகிறது. யார் கண்ணில் படுமோ என்ற அந்த அச்சத்தை விளக்க உரைநடைக்கு ஒரு பத்தி வேண்டும். அங்கே ஒரு வால் போதுமானதாக இருக்கிறது. மழையைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு கட்டத்தில் ஓங்கிய தடி, அடுத்த கட்டத்தில் ஆற்றில் மிதக்கும் செருப்பு என்று ஒருவர் வரைந்தால், இடையில் நடந்ததை முழுவதும் மனத்தில் நிகழ்த்திப் பார்க்க வேண்டியவர் வாசகர்தானே? அங்கே பலூனே தேவையில்லை.

முக்கூடல்காரன்:
திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் சுவர் நிறைய வரைந்திருப்பதைப் பார்த்தவர்கள், படத்தால் கதை சொல்வது நமக்கு அந்நியம் என்று சொல்ல மாட்டார்கள். குதிரைகளை ஏற்றி வரும் கப்பலின் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

ரதவீதி:
அந்த ஓவியங்களில் பெரும்பாலானவை, பார்க்க வருகிறவருக்கு முன்பே தெரிந்த இராமாயணத்தையும் திருவிளையாடலையும் நினைவூட்டுகின்றன. தெரியாத கதையைப் புதிதாகச் சொல்லும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. ஆகவே அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. காமிக்ஸ் தன்னளவில் முழுமையான கலை என்றால், பேர்பெற்ற ஒவ்வொன்றையும் ஏன் திரைப்படமாக்கத் துடிக்கிறார்கள்? அது சினிமாவுக்குப் போட்ட முன்வரைவு என்றுதானே தோன்றுகிறது?

பாளை வாசகன்:
நாவல்களையும்தான் படமாக்குகிறார்கள், அதனால் நாவல் முன்வரைவு ஆகிவிடவில்லை. 'வாட்ச்மென்' காமிக்ஸின் ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தினுடையது கடைசிக்கு முந்தைய பக்கத்திலும் கண்ணாடி பிம்பமாகத் திரும்பி, நடுப்பக்கங்களில் வந்து சந்திக்கும். 2009-இல் வந்த திரைப்படம் எத்தனையோ காட்சிகளை நூலில் உள்ளபடியே எடுத்தும் இதை மட்டும் கொண்டுவர இயலவில்லை, ஏனென்றால் திரையில் பக்கம் கிடையாது. மாறாக, ஈரானில் கழிந்த தன் இளமையைக் கறுப்பு வெள்ளையில் வரைந்த மர்ஜான் சத்ரபி, 'பெர்சபோலிஸ்' நூலை 2007-இல் இன்னொருவரோடு சேர்ந்து தாமே இயக்கியபோது, கடந்த காலத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே விட்டு, நிகழ்கால விமான நிலையக் காட்சிகளுக்கு மட்டும் வண்ணம் கொடுத்தார். நூலில் இல்லாத அந்த வண்ணம், நாடு திரும்ப முடியாத பெண்ணின் இன்றைய தனிமையை எனக்குப் பேச்சில்லாமலே உணர்த்தியது. நல்ல தழுவலுக்கு இதைத்தான் அளவாகக் கொள்கிறேன்.

ரதவீதி:
அந்த வால் என்னை யோசிக்க வைத்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், படித்துவிட்டுப் பேசுகிறேன். ஆனால் மாஞ்சோலைக் கேள்வியை நான் விடவில்லை. வரைய முனைகிறவர் முதலில் அந்தக் குடும்பங்களின் வாசலில் போய் உட்கார வேண்டும்.

பாளை வாசகன்:
அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பாலஸ்தீனத்துக்குப் போய் மக்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்த ஜோ சாக்கோ, அவர்களோடு உட்கார்ந்திருக்கும் தம்மையும் கண்ணாடி போட்ட முகத்தோடு கட்டங்களுக்குள் வரைந்து வைத்தார். 'மௌஸ்' இரண்டு பாகங்களையும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் அண்ணாச்சி.