தூங்கும் குமாஸ்தா பொம்மை: கேம் (cam) சிக்கலுக்கு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். கைப்பிடியைச் சுற்றினால் இயங்கும் மரப்பொம்மை ஒன்று செய்கிறேன். எகிப்தின் நரித்தலைத் தெய்வம் அனுபிஸை அன்றாட வேலை பார்க்கும் இயங்கு பொம்மையாகச் செய்த பால் ஸ்பூனர், 2015-இல் லண்டனில் 'நாவல்டி ஆட்டோமேஷன்' என்ற வேடிக்கை இயந்திரக் கூடத்தைத் திறந்த டிம் ஹன்கின் இருவர்மீதும் எனக்குத் தீராத பித்து. ஹன்கினின் ஓர் இயந்திரத்தில் காசு போட்டால் ரப்பர் கையுறைகள் நம்மையே தடவிச் சோதனை போடும்!

என் பொம்மை மேஜையில் தூங்கி வழியும் குமாஸ்தா. தலை மெல்ல மெல்லச் சாயணும், சட்டென்று நிமிரணும். அந்த 'சட்டென்று'தான் சிரிப்பே. அதற்காக நத்தை ஓடு வடிவில் கேம் (சுழன்றபடி தண்டை ஏற்றி இறக்கும் தட்டு) வெட்டினேன். மேலே உருளும் தண்டு படிப்படியாக ஏறி, விளிம்பில் தொப்பென்று விழும். முன்பக்கம் சுற்றினால் அருமை. ஆனால் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் பின்பக்கம்தான் சுற்றுகிறார்கள்! தண்டு அந்தப் படியில் முட்டி நின்றுவிடுகிறது.

ஒரு திசையில் மட்டும் சுற்றும்படி பல்சக்கரமும் தடுப்புக் கொண்டியும் மரத்திலேயே செய்யலாமா, பித்தளைதான் தாங்குமா? 6 மி.மீ. பிளைவுட் கேமின் விளிம்பு தேயாமல் இருக்க மெழுகு போதுமா? விழும்போது வரும் 'டொக்' சத்தம் மட்டும் போகக்கூடாது, அது வேணும். செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் புண்ணியமாப் போகும்.