குடல் புற்றுநோய்: அப்பாவுக்கு வந்ததும் அண்ணிக்கு வந்ததும்

ஒரு மகள், மதுரை:
எழுபதைக் கடந்திருந்த அப்பாவுக்கு வயிற்று வலியோ மலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரத்தமோ இருந்ததில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளிறியது, அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த வயதில் இரத்தம் எங்கே போகிறது என்று கேட்ட மருத்துவர், குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொன்னதால்தான், பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கத்தில் வளர்ந்திருந்த கட்டி தெரியவந்தது. அந்தப் பகுதி அகலமானது, அங்கே மலமும் நீர்த்தே இருக்கும் என்பதால், கட்டி அடைப்பை உண்டாக்காமல் நெடுநாள் இரத்தத்தை மட்டும் கசியவிடும் என்று அவர் விளக்கினார்.

அண்ணிக்கு அப்போது 34 வயது. சிவந்த இரத்தம் போனதைப் பிரசவத்துக்குப் பின் வந்த மூலம் என்றே எல்லோரும் எண்ண, மாதக்கணக்கில் களிம்பும் மாத்திரையுமாகக் கழிந்தது. ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதித்த மருத்துவரே முதன்முதலில் சந்தேகப்பட்டார். மலக்குடலில் கட்டி, நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிய மூன்றாம் நிலை. கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில் சிக்னெட் ரிங் வகை என்று வந்தது.

நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்:
இளையோரிடம் இடப்பக்கக் குடலிலும் மலக்குடலிலும் கட்டி மிகுதியாக வருவதையும், சளி சுரக்கும் வகையும் சிக்னெட் ரிங் வகையும் அவர்களிடம் கூடுதலாக இருப்பதையும் இந்திய மருத்துவமனைகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சிக்னெட் ரிங்கில் சளி நிரம்பிய செல்லின் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, முத்திரை மோதிரம்போலத் தெரியும், வேகமாகப் பரவக்கூடியது.

கட்டியில், டிஎன்ஏ நகலெடுப்புப் பிழைகளைத் திருத்த உதவும் எம்எல்எச்1 புரதம் இல்லை என்று அறிக்கை வந்தால், அதையும் வயதோடு சேர்த்தே நான் படிப்பேன். முதியவரிடம், அதுவும் கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், அது பெரும்பாலும் மூப்பின் போக்கில் எம்எல்எச்1 மரபணு அணைந்துபோனதன் விளைவு. இளையவரிடம் பரம்பரையாக வந்து குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறியை முதலில் தேட வேண்டும். எனினும் இளம் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பரம்பரைக் காரணம் அகப்படுவதில்லை. அமெரிக்காவில் 2021இல், அறிகுறி இல்லாதவர்களுக்கும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்ததற்கு இளையோரிடம் நோய் பெருகியதே முக்கியக் காரணம். மேற்சொன்ன அண்ணியின் வயதுக்கு அந்த வரம்பும் உதவாது என்பதால், இரத்தம் போனால் மூலம் என்று முடிவுகட்டுமுன் பரிசோதித்துவிட வேண்டும்.

லிஞ்ச் குடும்பத்தவர்:
அண்ணனுக்கு 41 வயதில் நோய் வந்தபின் எனக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அதே மாற்றம் இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாமலே ஆண்டுதோறும் கொலோனோஸ்கோபிக்குப் போகிறேன். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெருந்தொல்லை.