ஜிப்சியை வீட்டிலேயே காட்டுப் பாதைக்குத் தயார் செய்வது: எதில் தொடங்குவது?

ஒடுகத்தூரான்:

அண்ணன்மாருக்கு வணக்கம். 2008 மாடல் மாருதி ஜிப்சி கிங், எம்.ஜி. 413 டபிள்யூ, சாஃப்ட் டாப். என்ஜின் நல்லா இருக்கு. ஃபோர் வீல், லோ கியர் இரண்டும் சரியா விழுது. 60-க்கு மேல போகும்போது ஒரு பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் உதற ஆரம்பிக்குது, பிரேக் பிடிச்சு 30-க்கு வந்தாதான் நிக்குது. முன் இடது சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்குற உருண்டை முழுக்க ஆயிலும் கிரீஸும் கலந்து வழியுது.

நிலம் ஜவ்வாது மலை அடிவாரம். வழியில இரண்டு கானாறு, உருண்டைக் கல்லு, மழைக்காலத்துல முழங்கால் தண்ணி. உரம், தீவனம்னு 250 கிலோ வரைக்கும் ஏத்துவேன். எப்பவாவது பாலாத்து மணல்ல இறங்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை வேலூர் வந்துபோகவும் இதே வண்டிதான்.

வீட்டுல ஆர்க் வெல்டிங் செட், கிரைண்டர், 3 டன் ஜாக்கி, நாலு ஸ்டாண்ட், சாக்கெட் செட் இருக்கு. பட்ஜெட் ஒன்றரை லட்சம். வண்டியை உயர்த்த 3 இன்ச் லிஃப்ட், 235/75 ஆர்15 டயர், இரும்பு பம்பர், மாட்டிக்கிட்டா கயிறு சுத்தி இழுக்குற வின்ச், இதுதான் பிளான். எதை முதல்ல செய்யலாம்?

பட்டறைக்காரன்:

தம்பி, நீங்கள் எழுதிய நான்கில் எதுவும் முதலில் வராது. ஸ்டியரிங் உதறலும் அந்த உருண்டையில் வழியும் ஆயிலும்தான் முதல் வேலை. இதை விட்டுவிட்டு டயரைப் பெரிதாக்கினால் உதறல் இரண்டு மடங்காகும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜிப்சியின் முன் ஆக்ஸிலில் டிஃபரென்ஷியலுக்குள் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயில், நீங்கள் உருண்டை என்று சொன்ன முட்டிக்குள் கிரீஸ். இரண்டுக்கும் நடுவில் ஹவுசிங் குழாயின் முனையில் ஒரு ஆயில் சீல் உட்கார்ந்திருக்கும். அது போனால் ஆயில் முட்டிக்குள் வந்து கிரீஸைக் கரைத்து வெளியே தள்ளும். சீல் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி வழியும். ஏனென்றால் பல வண்டிகளில் உண்மையான காரணம் ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் துளை) சேற்றில் அடைத்துக்கொண்டிருப்பதுதான். ஓடும்போது உள்ளே சூடேறி, காற்று வெளியேற வழியில்லாமல், ஆயிலை சீல் வழியாகத் தள்ளுகிறது. பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு சீல் வாங்கப் போங்கள்.

உதறலுக்கு: முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் முட்டி திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு). உங்கள் முட்டியில் கிரீஸ் கரைந்துபோன நிலையில் கிங் பின் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டியரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கி உதறலை நிறுத்தப் பார்க்காதீர்கள். நடுவில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

முட்டியைப் பிரிக்கும்போது பிரேக் காலிப்பரைக் கம்பியால் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் பாரம் விழக் கூடாது. ஹப், ஸ்பிண்டில், அதன் பிறகு ஆக்ஸில் ஜாயின்ட்டோடு வெளியே வரும். மேல் கிங் பின், கீழ் கிங் பின் இரண்டுக்கும் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனி கவரில் போட்டு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் டீசலில் கழுவிய பிறகு பேரிங் கப்பின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகள் பதிந்த கோடு கோடான பள்ளம் விரல் நகத்தில் தட்டுப்பட்டால் கப்போடு சேர்த்து நான்கு பேரிங்கும் புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண்.

மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் தராசு வேண்டும். வெளி சீல் போடாமல், டை ராட் மாட்டும் ஓட்டையில் தராசைக் கொக்கி போட்டு முட்டியை இழுத்துத் திருப்புங்கள். 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் திரும்ப வேண்டும். லேசாகத் திரும்பினால் ஒரு ஷிம்மை எடுங்கள், கனமாக இருந்தால் சேருங்கள். இந்த அளவை விட்டுவிட்டு 'கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியா இருக்கு' என்று மாட்டினால் உதறல் திரும்ப வரும்.

டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயில். ஓட்டை மட்டம் வரை ஊற்றினால் போதும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) மவுண்ட். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியில்லை, தனியாக ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. லோ கியரில் உருட்டுக் கல் ஏறும்போது முழு முறுக்கும் அந்த ரப்பர்களில்தான். இன்ஸ்பெக்ஷன் லைட் அடித்து, ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பிரிந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழையது தொய்ந்து, புதியதன் மேல் பாரம் ஏறும்.

சேசிஸ் துருவைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று வந்தால் நல்லது, மந்தமாக வந்தால் உள்ளே தின்றிருக்கிறது. பின் ஷாக்கிள் (பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) மாட்டும் இடத்தையும் பாடி மவுண்டுக்குக் கீழேயும் விடாமல் தட்டுங்கள். ஒட்டுப் போடுவதென்றால் நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, 3 மி.மீ. தகடு. துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் பற்றாது. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள், ஈ.சி.யு. (என்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் பிடுங்குங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பெட்ரோல் லைன் எங்கே போகிறது என்று பார்க்காமல் பொறி பறக்க விடாதீர்கள்.

காட்பாடி 4×4:

மேலே சொன்னதெல்லாம் முடிஞ்ச பிறகு டயர் பக்கம் வரலாம். கணக்கு போட்டுப் பார்த்துடுவோம்.

ஜிப்சியோட 205/70 ஆர்15 டயர் உயரம் 668 மி.மீ. நீங்க கேட்ட 235/75 ஆர்15, 733 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல கூடும், அது நல்லதுதான். ஆனா கியரிங் 10 சதவீதம் உயர்ந்துடும். இந்த 1298 சி.சி. என்ஜினோட டார்க்கே 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4500 ஆர்.பி.எம்.ல. லோ கியர் விகிதம் 2.268. பெரிய டயர் போட்டா அது 2.07 இருந்தா எப்படி இழுக்குமோ அப்படி இழுக்கும். 250 கிலோ பாரத்தோட கல்லு மேல ஏறும்போது கிளட்ச்சைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்த வேண்டி வரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல போகும். போதாததுக்கு 5.5 இன்ச் ஒரிஜினல் ரிம்ல 235 உட்காராது, ரிம்மும் மாத்தணும்.

215/75 ஆர்15 போடுங்க. 703 மி.மீ. கியரிங் வித்தியாசம் 5 சதவீதம்தான், இருக்குற ரிம்லயே உட்காரும். ஆல் டெரெய்ன் பூ போதும். வாரா வாரம் வேலூர் ரோட்டுல ஓடுற வண்டிக்கு மட் டெரெய்ன் வேணாம். மழையில தார் ரோட்டுல பிடிப்பு குறையும், சத்தமும் அதிகம்.

உங்க பக்கம் சீமைக்கருவேல முள்ளு ஜாஸ்தி. டயர்ல குத்தினா பிளக் போடலாம், பக்கவாட்டுல குத்தினா பிளக் நிக்காது. அதனால ஓரம் கெட்டியான டயரா பாருங்க. ஆனா ஒண்ணு: கெட்டி டயர் இந்த 985 கிலோ வண்டிக்கு மடங்கவே மடங்காது. டயர் கடையில பழக்கத்துல 32, 35-னு அடிச்சு விட்டுடுவாங்க. ரோட்டுக்கு 24-26 பி.எஸ்.ஐ., பாரம் ஏத்துனா பின்னாடி மட்டும் நாலஞ்சு கூட. கல்லுப் பாதைக்கு 18-20. மணலுக்கு 15.

லிஃப்ட் 3 இன்ச் வேணாம். 215-க்கு லிஃப்டே தேவையில்லை. பழைய பட்டை தொய்ஞ்சிருந்தா புது பட்டை செட் போட்டாலே தொலைஞ்ச உயரம் திரும்பி வரும். அதுக்கும் மேல வேணும்னா ஒன்றரை, அதிகபட்சம் 2 இன்ச், அதுவும் பட்டையில. நீள ஷாக்கிள் அடிச்சுப் போடுறது மலிவு, ஆனா ஷாக்கிளை 2 இன்ச் நீட்டினா வண்டி 1 இன்ச்தான் தூக்கும். ஜிப்சிக்கு முன் ஷாக்கிள் பட்டையோட முன் முனையில இருக்குறதால, நீட்டுனா பட்டை முன்பக்கம் சாயும், கேஸ்டர் (கிங் பின் பின்பக்கம் சாய்ஞ்சிருக்குற கோணம்) குறையும். கேஸ்டர் குறைஞ்சா வண்டி ரோட்டுல அலையும். ஏற்கெனவே உதறுற வண்டிக்கு இது விஷம்.

தூக்குன பிறகு கேஸ்டர் குறைஞ்சிருந்தா பட்டைக்கும் ஆக்ஸில் பேடுக்கும் நடுவுல ஆப்பு வைக்கணும். 2 டிகிரி, லேத்துல இரும்புலயே அடிச்சு வாங்குங்க, அலுமினியம் நசுங்கிடும். ஜிப்சியில பட்டை ஆக்ஸிலுக்குக் கீழ வர்றதால தடித்த பக்கம் முன்னாடி பார்த்து இருக்கணும். மாத்தி வெச்சா இருக்குற கேஸ்டரும் போயிடும். ஆப்பு வெச்சதும் டிஃபரென்ஷியல் மூக்கு கொஞ்சம் கீழ இறங்கும், ஜாயின்ட் ஷாஃப்ட் கிராஸ் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு அப்பவே பாருங்க. 4 டிகிரி ஆப்பு தேவைப்படுதுன்னா லிஃப்ட் ரொம்ப அதிகம்னு அர்த்தம்.

பட்டை மாத்தும்போது பட்டையை ஆக்ஸிலோட கட்டுற பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை இறுக்குனதும் அது நீண்டிருக்கும். ஷாக்கிள், புஷ் போல்ட்டெல்லாம் தளர்வா விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, பாரம் பட்டை மேல உட்கார்ந்த பிறகுதான் முழுசா இறுக்கணும். தொங்கும்போதே இறுக்கிட்டா புஷ் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நின்னு சீக்கிரம் கிழியும். அப்புறம் சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலை முழுசா தொங்கவிட்டுப் பாருங்க: பிரேக் ஹோஸ் விறைப்பா நிக்குதா, ஷாக் அப்சார்பர் முழுசா நீண்டு அதுதான் ஆக்ஸிலைத் தாங்குதா? இரண்டுல எது இருந்தாலும் நீளமானது மாத்தாம ரோட்டுக்கு எடுக்காதீங்க.

ராணிப்பேட்டை வாசி:

தொழில்நுட்பம் அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். சட்டப் பக்கம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் பொருத்தும் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நேஷனல் ஹைவேயில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். விபத்தில் குறுக்கே வரும் ஆளுக்கும் அது ஆபத்து. உங்கள் வண்டி வாரா வாரம் ரோட்டுக்கு வரும் என்பதால் இரும்பு பம்பரை விட்டுவிடுங்கள். 2008 வண்டிக்கு 15 வருடம் முடிந்துவிட்டது, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள்.

ஜவ்வாது மலையில் காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி இறக்குவதும் குற்றம். உங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒடுகத்தூரான்:

ரொம்ப நன்றி. பம்பரும் 235-ம் லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. இரண்டு கேள்வி. வின்ச் இல்லாம மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றது? கானாறு தாண்ட ஸ்நார்கல் (என்ஜினுக்கு உயரத்துல இருந்து காத்து இழுக்குற குழாய்) வேணுமா? மே மாசம் லோ கியர்ல ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்கு மேல போகுது.

பட்டறைக்காரன்:

வின்ச்சும் அதைத் தாங்கும் பம்பரும் சேர்ந்தால் 80 கிலோவுக்குக் குறையாது, முழுவதும் முன் பட்டையின் மேல். மொத்தம் 1585 கிலோ வரைதான் இந்த வண்டிக்கு அனுமதி. ஆள், பாரம் எல்லாம் 600 கிலோவுக்குள் அடங்க வேண்டும், அதில் 80-ஐ இரும்புக்குக் கொடுப்பானேன்? பாலாற்று நடுவில் வின்ச் கயிற்றைக் கட்ட மரமும் கிடையாது. வண்டி லேசாக இருப்பதுதான் ஜிப்சியின் பலம், அதைக் காப்பாற்றுங்கள்.

மணலில் சக்கரம் சுழல ஆரம்பித்ததும் காலை எடுங்கள். காற்றை 15-க்கு இறக்கி, நான்கு டயருக்கு முன்னாலும் மண்ணைத் தள்ளி, லோ செகண்டில் மெதுவாக எடுங்கள். இரண்டு மணல் பலகை, ஒரு மண்வெட்டி, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் 12 வோல்ட் கம்ப்ரஸர், இவ்வளவு போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கம்ப்ரஸர் மாட்டினால் ஃபியூஸ் போகும்.

நம் பக்கம் கடைசியில் டிராக்டர்தான் இழுக்க வரும். டிராக்டர்காரர் இரும்புச் செயினோடு வந்து ஆக்ஸிலில் கட்டப் பார்ப்பார். விடாதீர்கள். முன்னும் பின்னும் சேசிஸில் ஒரு கொக்கி வேண்டும்: உள்பக்கம் தகடு வைத்து, 12 மி.மீ. 10.9 தர போல்ட்டில் இறுக்கியது. முக்கால் இன்ச் பௌ ஷாக்கிளும் (அதில் 4.75 டன் என்று அடித்திருக்கும்) 8 மீட்டர் பெல்ட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். செயின் வெட்டி இழுத்தால் அறுந்து ஆளை அடிக்கும்.

ஸ்நார்கல் வேண்டாம். ஹப் நடு வரை, சுமார் 33 செ.மீ. தண்ணீர் என்றால் இப்படியே போகலாம். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரில் ஒரு டன் வண்டியை இறக்காதீர்கள். மலையில் பெய்த மழை வடியக் காத்திருங்கள். முதலில் கம்போடு நடந்து பாருங்கள், கல் இடம் மாறியிருக்கும்.

தண்ணீரில் கெடுவது வேறு இடம். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் எல்லாவற்றின் பிரீதரிலும் ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் மாட்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் உயரமாகக் கொண்டுபோய், முனையில் சின்ன பெட்ரோல் ஃபில்டர் போடுங்கள். கானாறு தாண்டிய பிறகு ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பிளக் வயர் பூட் ரப்பர் விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் தெறித்தால் மிஸ்ஸிங் வருவது அங்கிருந்துதான்.

சூட்டுக்கு: முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் 'வெயிலுக்கு வேணாம்' என்று கழற்றிப் போடும் பழக்கம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் காலையில் என்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். போர் தண்ணீர் ஊற்றி ஓடிய வண்டியாக இருந்தால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும். ரேடியேட்டரை இறக்கி, டேங்க் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்ட்டும் பாதிப் பாதி. ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடையாமல் இருக்க வேண்டும். லோ கியரில் நடை வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான், கூடு இல்லாவிட்டால் அந்தக் காற்றும் ரேடியேட்டர் வழியாக வராது. சூடான என்ஜினில் கையால் ஃபேனைச் சுழற்றினால் எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறதா? ஃபேனை என்ஜினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சோதியுங்கள்.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள். நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது, வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். கானாறு தாண்டி ரோடு ஏறியதும் டூ வீலுக்கு மாற்றுங்கள். பட்டை வேலை முடிந்து 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் எட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் இறுக்கிவிடுங்கள்.